அனைவருக்கும் மின்னேற்றம்

என் வீட்டுக்காரருக்குக் குரல் போனப்போ எங்க தெருவுல நாலு வீட்டுக்காரங்க நிம்மதியா மூச்சு விட்டாங்க. நானும் ஒரு வாரம் நிம்மதியாத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். மனுஷன் பழ மார்க்கெட்டுல ஏலம் விடறவர். அங்க போட்ட சத்தம் பத்தாதுன்னு வீட்டுக்கு வந்து துண்டு கேட்டாக்கூட அடுத்த தெருவுல ஒருத்தன் துண்டை எடுத்துட்டு ஓடி வருவான். எல்லாருக்கும் அவர் மைக்செட்டு. சொந்தப் பேரு என்னன்னு எனக்கே கொஞ்சம் யோசிச்சாத்தான் வரும்.

தொண்டையில கட்டின்னு சொல்லி குரல்வளையையே எடுத்துட்டாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு அவரை உக்கார வெச்சு, வரி வரியா படிக்கச் சொல்லி, அந்தக் குரலை அவரோட போனுக்குள்ள ஏத்திக் குடுத்துச்சு. இவர் எழுத்தைத் தட்டினா போன் அவர் குரல்லயே பேசும். புண்ணியவதி, அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். ஆனா போன்ல இருக்கிற ஸ்பீக்கர் எவ்வளவு? என் சுண்டுவிரல் நகம் அளவு. எதிர்ல உக்காந்தவனுக்குக் கேக்கும், அவன் பக்கத்துல உக்காந்தவனுக்குக் கேக்காது.

ஒரு நாள் ஏலக் கூடத்துக்குப் போனார். போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுப் பேச வெச்சிருக்கார். ஒருத்தரும் திரும்பல. வீட்டுக்கு வந்து தட்டினார்: "முன்னாடி என் குரல் தகரக் கூரையில அடிச்சுத் திரும்பி எனக்கே வரும். இப்போ போறதே இல்ல. அப்புறம் எங்க திரும்பி வர்றது." அன்னைக்கு அவர் சாப்பிடல. நானும் சாப்பிடல.

அப்புறம்தான் இந்த மலைப் பேச்சு வந்துச்சு. நாள் கணக்கா நடந்து உச்சிக்குப் போனா எதிர்ல செங்குத்தா ஒரு பாறைச் சுவர் இருக்காம். இருமினா அதுவும் இருமுமாம். யாரோ மார்க்கெட்டுல சொல்லியிருக்காங்க. இவர் பிடிச்சுக்கிட்டார். "ஒரே ஒரு தடவை என் குரல் திரும்பி வந்து என் காதுல விழணும். அதுக்கப்புறம் நீ சொல்ற மாதிரி ஒரு மூலையில உக்காந்து கணக்குப் பாக்கறேன்"னார். டாக்டர், மெதுவா ஏறுங்க, தொண்டை ஓட்டையைத் துணியால மூடிக்கங்கன்னார். நான் பியூட்டி பார்லர் வெச்சிருக்கேன். அதைத் தங்கச்சி கையில ஒப்படைச்சுட்டுக் கிளம்பினேன். தனியா அனுப்பவா முடியும்? வழியில விழுந்தா 'ஐயோ'ன்னு கத்தக்கூட வாய் இல்லாத மனுஷன்.

குளிர் பேட்டரியைத் தின்னுடும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. அதனால பவர் பேங்க் வாங்கினோம். வெயில்ல விரிச்சு வெச்சா சார்ஜ் ஏத்தற சோலார் தகடு வாங்கினோம். போன் சத்தத்தைப் பெருசாக்க ஒரு கொய்யாப்பழ சைஸ்ல ஸ்பீக்கர் வாங்கினோம். எங்க காலுக்கு எடுத்த சாக்ஸை விட இதுங்களுக்கு எடுத்த சாக்ஸ்தான் அதிகம். மலையைப் பத்தி எல்லாம் யோசிச்சாச்சு. மலைக்கு ஒரு வாரியம் இருக்கும்னு மட்டும் யோசிக்கல.

மலையடிவாரத்துல ஒரு வளைவு. கீழ நின்னு பாத்தா மலையே அதுக்குப் பின்னாடி மறைஞ்சு போற மாதிரி அவ்வளவு பெருசு. 'மலைநடை மேம்பாட்டு வாரியம்'னு எழுதி, அதுக்குக் கீழ 'அனைவருக்கும் மின்னேற்றம், அணையாத முன்னேற்றம்'னு போட்டிருந்துச்சு. பரவாயில்லையே, நமக்குன்னே கட்டி வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். என் புத்தியை என்ன சொல்ல.

வாசல்ல இருந்த அலுவலர் எங்க மூட்டையைப் பிரிச்சார். பவர் பேங்க்கை ரெண்டு விரலால தூக்கினார், செத்த எலியைத் தூக்கற மாதிரி.

"என்னம்மா இது?"

"பவர் பேங்க் சார்."

"தனியார் மின்சாரம்." சொல்லிட்டுப் பக்கத்துல இருந்த பொட்டியில போட்டார். பொட்டி நிரம்பிக் கிடந்துச்சு. "மலையில தனியார் மின்சாரம் தடை."

"ஏன் சார்?"

"ஏனா? வாரியம் வழி முழுக்க இலவச மின்னேற்ற மையம் கட்டியிருக்கும்மா. ஆளாளுக்குச் சொந்தக் கரண்ட்டைத் தூக்கிட்டு வந்தா மையத்துக்கு யார் வருவா? யாரும் வரலேன்னா மையம் எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க. மையம் எதுக்குன்னு கேட்டா அடுத்ததா இந்த ஆள் எதுக்குன்னு என்னைக் கேப்பாங்க. எனக்கும் குழந்தை குட்டி இருக்கும்மா."

சோலார் தகட்டையும் எடுத்தார். நான் விடல. "சார், அது வெறும் வெயிலு. சூரியன் குடுக்கறது."

"இந்த வளைவுக்கு அந்தப் பக்கம் விழற வெயில் வாரியத்தோட பராமரிப்புல இருக்கு. இந்தப் பக்கம் நின்னு எவ்வளவு வேணா பிடிச்சுக்கங்க, நான் கேக்கவே மாட்டேன்."

ஸ்பீக்கரைப் பாத்ததும் முகமே மாறிடுச்சு. "ஒலிபெருக்கியா! மலையில யாரும் சத்தம் எழுப்பக் கூடாது. பறவைங்க பயப்படும்." அவர் தலைக்கு மேல குழாய் ஸ்பீக்கர்ல வாரியத் தலைவரோட உரை ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவர் அதை விடக் கத்திதான் என்கிட்ட இதைச் சொன்னார். அக்கம்பக்கத்துல ஒரு குருவியைக்கூடக் காணோம்.

எங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு நின்னுச்சு. பருந்து படம் எடுக்க வந்திருக்காம். கழுத்துல மூணு கேமரா. ஒவ்வொண்ணுலயும் அலுவலர் சிவப்பு ரிப்பன் கட்டி, அதுக்கு ஒரு கும்பிடும் போட்டார். எங்க போனுக்குச் சாம்பல் ரிப்பன். ஏன் இந்தப் பாகுபாடுன்னு கேட்டேன்.

"சிவப்புன்னா முன்னுரிமை. சாம்பல்னா மீதி இருந்தா பாக்கலாம். விஷயம் இதான்மா, கேமரா மலையைப் பாக்குது. போன் எங்களைப் பாக்குது. எடுத்து, எழுதி, உலகம் பூரா அனுப்பிடறாங்க. அதுக்கு நாங்களே கரண்ட்டும் குடுக்கணுமா?"

மைக்செட்டு போனைத் தட்டினார். "திரும்பிப் போயிடலாமா? ஸ்பீக்கரே போயிடுச்சு."

"பேசாம வாயை மூடிட்டு நடங்க"ன்னுட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவர் தோள் குலுங்கிச்சு. சிரிக்கறார்! சத்தமில்லாம சிரிச்சுக்கிட்டே நடக்க ஆரம்பிச்சுட்டார். நானும் மூட்டையைத் தூக்கிட்டுப் பின்னாடியே போனேன்.

நடையில அவர் குரலுக்கு நான்தான் காவல். போனை அணைச்சு, சாக்ஸுக்குள்ள போட்டு, அந்த சாக்ஸை என் ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டேன். உடம்புச் சூட்டுல இருந்தா பேட்டரி தாங்குமாம். இவருக்கு ஏதாவது சொல்லணும்னா என் தோளைத் தட்டுவார். நான் நாலு பேர் இருக்கிற இடத்துல திரும்பி நின்னு, துழாவி, எடுத்துக் குடுக்கணும். அணைச்ச போன் உசுரு வந்து எந்திரிக்கவே அரை சதவீதம் சார்ஜைக் குடிச்சிடும். முதல் நாள் மத்தியானம் சூப்பு குடிக்கும்போது ரொம்ப முக்கியம், எடு எடுன்னு கையைக் காட்டினார். பதறிப் போய் எடுத்துக் குடுத்தேன். தட்டினார். போன் கணீர்னு சொல்லுச்சு: "உப்பு இல்ல."

"யோவ்! இதுக்கா? கையால காட்டினா எனக்குப் புரியாதா? இன்னைக்குப் பேச்சு இதோட முடிஞ்சுது"ன்னு திரும்பவும் உள்ள போட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த அதிகாரத்துக்குத்தானே ஏங்கினேன். கிடைச்சப்போ ருசிக்கல.

முதல் முகாமுக்குச் சாயங்காலம் போய்ச் சேந்தோம். மின்னேற்ற மையம் ஜகஜ்ஜோதியா இருந்துச்சு. உள்ள சுவர் பூரா வரிசையா பிளக் பாயிண்ட். பாத்ததும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. கிட்டப் போய்ப் பாத்தா எல்லாத்துலயும் ஒயர் சொருகியிருக்கு. ஒண்ணு வெளியில மின்னற பெயர்ப் பலகைக்கு. ஒண்ணு தலைவர் உரை ஓடற ஸ்பீக்கருக்கு. ஒண்ணு அலுவலரோட கால் சூடாக்கற மெஷினுக்கு. ஒண்ணு வெந்நீர்க் கெட்டிலுக்கு. ஒண்ணு பிளக் பாயிண்ட்டை யாரும் திருடாம பாத்துக்கற கேமராவுக்கு. ஒண்ணு, எத்தனை பிளக் பாயிண்ட் காலியா இருக்குன்னு காட்டற போர்டுக்கு. போர்டுல பெருசா ஒரு பூஜ்ஜியம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

கடைசியில ஒண்ணு மட்டும் காலி. நான் அதுகிட்டப் போனேன்.

"அம்மா, அம்மா! அது ஆய்வுக் குழுவுக்கு." கால் சூடாக்கிக்கிட்டு இருந்த அலுவலர் எந்திரிக்காமலே கத்தினார்.

"எப்போ வருவாங்க?"

"போன வருஷம் வர்றதா இருந்தாங்க. வந்து, ஒரு பிளக் பாயிண்ட்கூடக் காலி இல்லேன்னா என்ன நினைப்பாங்க? கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியலேன்னு எழுதிட மாட்டாங்களா?"

"அப்போ நாங்க எதுல சார்ஜ் போடறது?"

"அதுக்குத்தான் மின்னேற்று விழா இருக்கே!"ன்னார், ஏதோ எங்க தலைவிதியே மாறப்போற மாதிரி.

கொஞ்ச நேரத்துல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சாங்க. அலுவலர் கால் மெஷினை மனசே இல்லாமப் பிடுங்கினார். அந்த ஒரு துளைதான் மக்களுக்கு. அதுக்கு முன்னாடி அவர் பேசுவார். அவர் பேசறதை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போன்ல படம் பிடிக்கணும். விழா நடந்துச்சுங்கறதுக்கு அதான் சாட்சியாம். படம் பிடிக்காதவங்களுக்குக் கரண்ட் கிடையாது.

"வாரியம் சமத்துவத்தில் நம்பிக்கை கொண்டது. வசதியானவர், வசதியற்றவர் என்று பாராமல், நிறைந்த போன், காலியான போன் என்று பாராமல், எல்லோருக்கும் ஒரே அளவு!"ன்னு ஆரம்பிச்சவர், வாரியத்தோட வரலாற்றைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாலஞ்சு போன் படம் பிடிச்சுக்கிட்டே செத்துப் போச்சு. "அவங்க வரிசையை விட்டு விலகிடுங்க. கருவியைச் சரியாப் பராமரிக்கல"ன்னுட்டார்.

எங்க முறை வந்துச்சு. ஆளுக்கு ஒரு நிமிஷம். சமத்துவம். ஏறினது ஒரு சதவீதம். அவர் பேச்சைப் படம் பிடிக்கச் செலவானது ஆறு. நானும் பார்லர்ல எத்தனையோ பேரை ஏமாத்தி முடிக்குக் கலர் அடிச்சு விட்டிருக்கேன், ஆனா இந்த மாதிரி ஒரு கணக்கை நான் பாத்ததே இல்ல.

அடுத்த முகாம் இன்னும் மேல. அங்க காத்து சும்மா ஆளைத் தள்ளுச்சு. அந்த மைய அலுவலருக்கு இடது காதுல இருந்து வலது காதுக்கு வாரி விட்ட கொஞ்சூண்டு முடி. காத்து அடிக்கறப்போ எல்லாம் அது மொத்தமா எந்திரிச்சு நிக்கும். அவர் ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டே ஆட்சி நடத்திக்கிட்டு இருந்தார்.

நான் போனை நீட்டினேன். "சார், இதுக்குக் கொஞ்சம் சார்ஜ்."

"யாரோட போன்?"

"இவரோடது."

"அப்போ அவர் கேக்கணும். அவரவர் கருவிக்கு அவரவர் வாயால கேக்கணும். இல்லேன்னா ஒருத்தரே பத்துப் போனோட வந்து நிப்பாங்க. போன வாரம் அப்படித்தான், ஒரு அம்மா குடும்பத்துக்கே சேத்துக் கேட்டுது. வாரியம் ஏமாறுமா?"

"சார், இவருக்குக் குரல் இல்ல. ஆபரேஷன்." தொண்டைத் துணியைக் காட்டினேன்.

"வருத்தம்தான். விதியில குரல் இல்லாதவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அப்படின்னா அப்படி யாரும் இல்லேன்னு அர்த்தம்."

மைக்செட்டு அமைதியா போனை வாங்கினார். தட்டினார். போன் அவர் குரல்ல மரியாதையா கேட்டுச்சு: "ஐயா, வணக்கம். என் போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் வேணும்."

அலுவலர் போனைப் பாத்தார். இவரைப் பாத்தார். மறுபடியும் போனைப் பாத்தார். முடியை அமுக்கிக்கிட்டார்.

"இது செல்லாது. போன் தனக்குத் தானே சிபாரிசு பண்ணிக்கக் கூடாது."

"சார், பேசறது போன் இல்ல. அவரு!"

"என் காதுல விழுந்தது போன்ல இருந்து வந்துச்சும்மா. சரி, ஒரு பேச்சுக்கு அவருன்னே வெச்சுக்குவோம். போன் பேசுதா?"

"பேசுது."

"பேசுதுன்னா சார்ஜ் இருக்கு. சார்ஜ் இருக்கிற போனுக்கு எதுக்கு சார்ஜ்?"

"அப்போ செத்த பிறகு கொண்டு வரவா?"

"தாராளமா. ஆனா செத்த பிறகு அவர் எப்படிக் கேப்பார்? கேக்காம நான் எப்படிக் குடுப்பேன்? நீங்களே சொல்லுங்க." உண்மையிலேயே என்கிட்ட யோசனை கேக்கற மாதிரி என் முகத்தைப் பாத்தார்.

எனக்கு வந்துச்சே ஒரு கோபம். "உங்க வாரியத்துல இடி விழ! மனுஷனுக்குத் தொண்டையே இல்லேங்கறேன், சட்டமா பேசறீங்க"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். வீட்டுக்கு ஒரு தொண்டைதான் பாக்கி, அதையும் கிழிச்சுக்கிட்டேன். அலுவலர் கொஞ்சமும் அசையல. "உங்க புகார் பதிவாயிடுச்சு. உங்க கணவர் எவ்வளவு தன்மையா நிக்கறார் பாருங்க. அவரைப் பாத்துக் கத்துக்கங்க"ன்னார்.

வெளியில வந்து கல்லுல உக்காந்தோம். மைக்செட்டு போனை எடுக்கச் சொல்லல. கை நீட்டி உச்சியைக் காட்டினார், அப்புறம் கையை விரிச்சார். அது எனக்கு எந்தப் போனும் இல்லாமலே புரிஞ்சுது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, குளிர்ல மூக்கு ஒழுகறதால வெளியில தெரியல.

அந்தப் பருந்துப் பொண்ணு எங்க பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அது மூணு கேமராவுக்கும் வயிறு முட்ட சார்ஜ் ஏத்திட்டு வந்திருந்துச்சு. கதையைக் கேட்டுட்டு, "அக்கா, இவங்க எதையும் பாக்கறதில்ல. ரிப்பனை மட்டும்தான் பாக்கறாங்க"ன்னு ஒரு கேமராவுல இருந்து சிவப்பு ரிப்பனை அவுத்துக் குடுத்துச்சு. அதோட லென்ஸ் மூடியையும் கழட்டிக் குடுத்துச்சு. நான் என் தலையில இருந்த கிளிப்பை எடுத்து, மூடியைப் போன் முதுகுல பொருத்திக் கட்டி, ரிப்பனை ஒரு பூ மாதிரி முடிச்சுப் போட்டேன். கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ற கை, சும்மா விடுமா?

அதே அலுவலர். அதே போன். அதே நாங்க. போய் நின்னோம்.

"அடடே, கேமராவா! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" எந்திரிச்சே நின்னுட்டார். "வாங்க, உள்ள வாங்க, குளிர்ல நிக்காதீங்க. டீ குடிக்கிறீங்களா?"

டீ வந்துச்சு. பிளக் பாயிண்ட் வந்துச்சு. கூடவே ஒரு சின்ன வேண்டுகோளும் வந்துச்சு. கேமரா வெச்சிருக்கிறவங்க மைய அலுவலரை ஒரு படம் எடுத்துக் குடுக்கறது வழக்கமாம். தலைமை அலுவலகச் சுவர்ல மாட்டுவாங்களாம். லென்ஸ் மூடியை லேசா நகத்திட்டு எடுத்தேன். கதவு வழியா வந்த காத்துக்கு முடி எந்திரிச்சிடுச்சு. மறுபடி எடுத்தேன். மறுபடி எந்திரிச்சிடுச்சு. "சார், ஒரு நிமிஷம்"னு என் பையில இருந்து சீப்பு, ஜெல், ரெண்டு ஊசி கிளிப் எடுத்து, அந்த முடியை அதோட இடத்துல படுக்க வெச்சு, ஆணி அடிச்ச மாதிரி நிறுத்தினேன். கண்ணாடியில பாத்துட்டு மனுஷன் கண் கலங்கிட்டார். "கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படி இருந்ததில்லம்மா"ன்னார். அதுக்கப்புறம் போனை எடுக்கச் சொல்ல அவருக்கு மனசே வரல. பாதிக்கு மேல ஏறிடுச்சு.

ஆனா உச்சி இன்னும் மேல இருந்துச்சு. குளிரும் மேல போகப் போக மேல போச்சு. ரவிக்கையில வெச்சாலும், கக்கத்துல வெச்சாலும், வயித்துல வெச்சாலும் சதவீதம் கரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. மைக்செட்டுக்கு மூச்சு வாங்குச்சு, பத்தடிக்கு ஒரு தடவை நின்னார். நின்ன இடத்துல எல்லாம் போனைக் கேட்டு வாங்கி என்னமோ தட்டினார். "சத்தமா பேசாம எதைத் தட்டறீங்க? வீணா போகுதுய்யா"ன்னு நான் திட்டினேன். காதுலயே வாங்கிக்கல.

உச்சிக்குப் போனா கல்யாண வீடு மாதிரி பந்தல். ஹெலிகாப்டர்ல வாரியத் தலைவர் வந்து இறங்கியிருந்தார். உச்சியில ஒரு மின்னேற்றக் கோபுரம் கட்டியிருக்காங்களாம், அன்னைக்குத் திறப்பு விழா. கோபுரத்துக்கு இன்னும் கரண்ட் வரல, அது அடுத்த கட்டமாம். மேடைக்கும் மைக்குக்கும் மட்டும் ஒரு ஜெனரேட்டர் புகை விட்டுக்கிட்டு இருந்துச்சு. வந்தவங்க கையில எல்லாம் செத்த போன். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அந்தப் பாறைச் சுவர் நெட்டுக்குத்தா நின்னுச்சு. மைக்செட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னார். அதுக்கு நேரா நாலு பெரிய ஸ்பீக்கர் பொட்டி.

தலைவர் ஆரம்பிச்சார். "அன்பார்ந்த மலைநடையர்களே! உங்கள் கையில் உள்ள கருவி அணைந்திருக்கலாம். ஆனால் வாரியம் உங்கள் உள்ளத்தில் ஏற்றிய விளக்கு அணையாது!"

பாறை, "அணையாது... ணையாது..."ன்னுச்சு.

தலைவர் முகம் மலர்ந்து போச்சு. "கேட்டீர்களா? மலையே வழிமொழிகிறது!"

"...மொழிகிறது... கிறது..."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, மலை ஒத்துக்கற வரைக்கும் காத்திருந்து, தலையை ஆட்டிட்டுத்தான் அடுத்த வரி. "ஒன்பது மின்னேற்ற மையங்களைத் திறந்திருக்கிறேன். ஒன்றில்கூட இன்றுவரை பழுது என்ற பேச்சே இல்லை. ஏன்? ஒரு பொருள் பழுதாக வேண்டுமென்றால் அதை யாராவது பயன்படுத்த வேண்டும். அந்த அவப்பெயருக்கு நாங்கள் இடமே கொடுக்கவில்லை!" மலை அதையும் ஒத்துக்கிச்சு.

நான் போனை எடுத்து எத்தனை சதவீதம் மிச்சம்னு பாத்தேன். நாலு. தலைவர் அடுத்த பத்தியை முடிக்கும்போது மூணு. இந்த மனுஷன் நிறுத்தினாத்தான் எங்க ஆளுக்கு வழி. நிறுத்தினாலும் இந்த நகத்தளவு ஸ்பீக்கர் சத்தம் அந்தச் சுவரு வரைக்கும் போகப் போறதில்ல. அதுவும் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்துட்டோமே.

ஒரு வழியா உரை முடிஞ்சுது. பயனாளி ஒருத்தர் நன்றி சொல்லணுமாம். மேடை ஓரத்துல ஒரே குசுகுசு. நன்றி சொல்றதா இருந்தவர் தன் உரையைப் போன்ல எழுதி வெச்சிருந்தாராம், போன் செத்துப் போச்சாம். வாரியச் செயலாளர் வேர்த்து விறுவிறுத்து, விழாவுக்கு வந்திருந்த மைய அலுவலர்கள்கிட்ட ஓடினார். "வழி முழுக்க ஒரு புகார்கூடச் சொல்லாத ஆள் யாராவது இருக்காங்களா?"

முடி படிஞ்ச அலுவலர் கூட்டத்தை அலசிட்டு நேரா எங்க பக்கம் கை காட்டினார். "அதோ! அவர் ஒருத்தர்தான் சார். வாயே திறக்கல. தங்கமான மனுஷன்."

செயலாளர் ஓடி வந்து மைக்செட்டு கையைப் பிடிச்சார். "வாங்க சார், ரெண்டு வார்த்தை."

"சார், அவரால—"ன்னு நான் ஆரம்பிச்சேன். மைக்செட்டு என் கையை அழுத்திப் பிடிச்சார். போனை என்கிட்ட இருந்து வாங்கினார், லென்ஸ் மூடியைக் கழட்டி என் கையில குடுத்தார், மேடை ஏறிட்டார்.

மைக் முன்னாடி நின்னு கூட்டத்தை ஒரு சுத்துப் பாத்தார். ஏலக் கூடத்துல அப்படித்தான் பாப்பார். போனை மைக்குல ஒட்டி வெச்சு ஒரு தட்டு தட்டினார்.

"வாங்க வாங்க வாங்க!"

ஐயோ, அந்தக் குரல்! நாலு பொட்டியில இருந்தும் ஒண்ணா கிளம்பி, என் நெஞ்சுல மோதிட்டுப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போச்சு. எல்லாரும் நிமிந்தாங்க. அந்தச் சுவர்ல அடிச்சுது. திரும்பி வந்துச்சு. "வாங்க... வாங்க... வாங்க..." முழுசா, தெளிவா, என் வீட்டுக்காரர் குரல். துண்டு கேக்கற குரல். நான் ஓன்னு அழுதுட்டேன். இந்தத் தடவை மூக்குன்னு சாக்குச் சொல்ல முடியாது.

அவர் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். அப்புறம் அடுத்த தட்டு. வழியெல்லாம் நின்னு நின்னு எழுதி வெச்சது இதுதான் போல.

"ஒரு பிளக் பாயிண்ட்! புத்தம் புதுசு! ஒருத்தர் கைகூடப் படாதது! கரண்ட்டுன்னா என்னன்னே தெரியாத சுத்தமான சரக்கு! வாங்கறவங்களுக்குக் கூடவே ஒரு தலைவர் இலவசம்!"

மலை, "தலைவர் இலவசம்... இலவசம்..."ன்னு ஒத்துக்கிச்சு. கூட்டத்துல பின்னாடி இருந்து ஒருத்தன், "தலைவர் இல்லாம குடுப்பீங்களா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான், சிரிப்பு வெடிச்சுது. செயலாளர் மேடைக்கு ஓடினார், ஒயர் தடுக்கித் தலைவர் மடியிலயே விழுந்தார்.

"ஒரு தரம்!"

"...தரம்... தரம்..."

"ரெண்டு தரம்!"

போன் வெளிச்சம் அணைஞ்சுது. தட்டினார். திரும்பத் தட்டினார். ஒண்ணும் இல்ல. பாறையில இருந்து மட்டும் அந்த "ரெண்டு தரம்" திரும்பி வந்துச்சு, மெதுவா, இன்னும் மெதுவா, அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. மைக்செட்டு செத்த போனைக் கையில பிடிச்சுக்கிட்டு மைக் முன்னாடி வாயைத் திறந்தபடியே நின்னார். ஏலத்தைப் பாதியில விடற பழக்கம் அவருக்கு இல்ல.

பருந்துப் பொண்ணுதான் முதல்ல கத்துச்சுன்னு நினைக்கறேன். இல்ல, நானா? தெரியல. அடுத்த நொடி, செத்த போனைத் தூக்கிப் பிடிச்ச அத்தனை பேரும் ஒரே வாயா கத்தினாங்க.

"மூணு தரம்!"

மலை குலுங்கற மாதிரி அது திரும்பி வந்துச்சு. மைக்செட்டு மேடையில இருந்து என்னைத் தேடிப் பாத்து வாயை மட்டும் அசைச்சார்: கேட்டுச்சா?

"கேட்டுச்சுய்யா, கேட்டுச்சு!"ன்னு கத்தினேன்.

தலைவருக்கு மட்டும் என்ன நடந்துச்சுன்னே புரியல. செயலாளரை மடியில இருந்து தள்ளிட்டு, மைக் இன்னும் ஆன்ல இருக்கறது தெரியாம, ரகசியமா அவர்கிட்டக் கேட்டார்: "இப்போ என்னை யாருய்யா ஏலத்துல எடுத்திருக்காங்க?"

"எடுத்திருக்காங்க... திருக்காங்க... காங்க..."ன்னு மலையும் சுத்திச் சுத்திக் கேட்டுச்சு.

யாரும் கை தூக்கல.